பாலாற்றைத் தாண்டாத ஒரு வருஷம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுமுறையார், சம்பந்திமார், தெருவார், தம்பியோடு கம்பெனியில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தம்பியின் அக்காவான நான் சொல்லிக்கொள்வது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி வெண்ணிலா புத்தகத் தமிழில் எழுதுகிறாள். நான் 'இன்னா' என்றால் அவள் 'என்ன' என்று எழுதுகிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தம்பியை 'அவர்' என்று எழுதிவிட்டுப் படித்துக் காட்டினாள். "யாருடி அந்த அவரு?" என்று கேட்டேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை எனக்கு எப்போதும் அவன்தான். யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி மலரில் அழுதுகொண்டே பேச வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அழத்தான் உட்கார்ந்தேன். தம்பி பேச்சை எடுத்தால் பாதி வழியில் சிரிப்பு வந்துவிடுகிறது. அவன் போய் வருஷம் திரும்பிவிட்டது. துக்க வீட்டுக்காரி நான், இந்த ஒரு வருஷம் சந்தோஷமாக இருந்த மாதிரி என் ஆயுசில் இருந்ததில்லை. இதை வெளியே சொல்லக் கூசுகிறது. அவன் படத்துக்கு விளக்கேற்றும்போது அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பிறப்பு ஆலங்காயம் பக்கம். பிறந்தவர்களில் தங்கியது நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா பிழைப்புக்காக ஆம்பூருக்கு வந்து தோல் ஷாப்பில் சேர்ந்தார். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுவது அவர் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை எங்கள் பாயில்கூட இருக்கும். எங்களுக்கு அது தெரியாது. மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். டீக்கடையில் அப்பாவுக்கு டம்ளர் தனி. கூரையோரம் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவிச் செருகிவிட்டு வர வேண்டும்.

தம்பி ஒருநாள் கேட்டான்: "இன்னாப்பா, உன் டம்ளரு மட்டும் தனியா இருக்குது?"

"நமக்குன்னு ஸ்பெசலா வெச்சிருக்கான்டா" என்றார் அப்பா.

அவன் அதை நம்பிவிட்டான். "எங்கப்பாவுக்கு டீக்கடையில ஸ்பெசல் டம்ளரு" என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்து, எல்லோரும் கைகொட்டிச் சிரித்து, அவன் ஒருத்தனை அடித்து, வாத்தியாரிடம் இவன் அடி வாங்கி வந்தான். பார்த்தீர்களா, இதைச் சொல்லும்போதும் சிரிக்கிறேன். சிரிக்கிற விஷயமா இது?

பெரியவனானதும் தம்பி ஷூ கம்பெனியில் கட்டிங்கில் சேர்ந்தான். தோலைக் கையால் தடவியே எந்த இடம் மெலிசு, எந்த இடத்தில் முள் கீறியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். சூப்பர்வைசர் ஆனான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தேன். நாட்றம்பள்ளியில் ஒரு பெண், ஜாதகம்கூட நன்றாகப் பொருந்தியது. "இப்ப இன்னாக்கா அவசரம்" என்று தட்டிக்கொண்டே போனான். அந்தச் சமயத்தில் எத்தியோப்பியாவில் புதிதாக ஷூ பேக்டரி திறக்கிறார்கள், வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று வந்தார்கள். போகிறேன் என்று நின்றான். "ஆப்பிரிக்காவுலயா? சிங்கம் இருக்கும்டா" என்றேன். "சிங்கத்துக்கும் செருப்பு தச்சுக் குடுத்துட்டு வர்றேன்" என்றான். அவனோடு பேசி யார் ஜெயித்தது?

போன புதிதில் போனில் எல்லாம் நல்ல சேதியாகத்தான் சொல்வான். ஊட்டி மாதிரி குளிர், அந்த ஊர்ச் செம்மறித் தோல் பட்டு மாதிரி இருக்கிறது என்பான். மற்றதெல்லாம் பிறகுதான் மெல்ல வெளியே வந்தது. தெருவில் நடந்தால் சின்னப் பசங்கள் பின்னால் வந்து, வெளிநாட்டான் வெளிநாட்டான் என்று கத்துவார்களாம். பேக்டரியில் வேலை செய்கிற பெண்கள் அவனைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்களாம். நம் ஆட்களில் சிலர் அவர்களை மாடு மாதிரி விரட்டியிருந்தார்கள். அதனால் இவனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சரி, நம் ஆட்களோடாவது ஒட்டலாம் என்று இந்தியர் மெஸ்ஸுக்குப் போனால், எந்த ஊர் என்று கேட்டார்களாம். ஆம்பூர் என்றான். எந்தத் தெரு என்றார்கள். தெருப் பேரைச் சொன்னால் போதுமே நம் ஊரில், வேறென்ன கேட்க இருக்கிறது? யாரும் வாயால் ஒன்றும் சொல்லவில்லையாம். மறுநாளிலிருந்து அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

"கடல் தாண்டி வந்து பாக்கறேன், நம்ப ஸ்பெசல் டம்ளரு எனக்கு முன்னாடியே வந்து உக்காந்துருக்குதுக்கா" என்றான். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அவன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பேக்டரிப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். அங்கேதான் அல்மாஸ் வருகிறாள். தையல் லைனில் வேலை. அந்த ஊரில் யாரும் தனியாகச் சாப்பிட மாட்டார்களாம். பெரிய தட்டில் எல்லோருக்குமாக ஒன்றாகப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தனியாகச் சாப்பிடுகிறவனைக் கண்டால் அவர்களுக்குப் பொறுக்காது. சூப்பர்வைசராக இருந்தாலும் சரி, வெளிநாட்டானாக இருந்தாலும் சரி. நேராக இவனிடம் வந்தாள். தன் தட்டிலிருந்து ஒரு வாய் உருட்டி இவன் வாய்க்கு நேராக நீட்டினாள். அது அவர்கள் வழக்கம், பிரியமானவர்களுக்கு ஊட்டிவிடுவார்கள். இவனுக்கு வழக்கமும் தெரியாது, பாஷையும் தெரியாது. பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டானாம். அந்தப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் கையை இறக்கவில்லை. கடைசியில் வாயைத் திறந்தான்.

"பொறந்த ஊர்ல நான் தொட்ட டம்ளர தொடமாட்டாங்க. அங்க பேர் தெரியாத பொண்ணு அவ கையால எடுத்து வாயில வெக்கிறாக்கா. காரம் ஜாஸ்தி. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. காரத்தாலதான்னு சொல்லிட்டேன்" என்பான். இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னான் என்று கணக்கே இல்லை. காரம் என்கிற இடம் வரும்போது நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

பெண் கேட்டு அவள் வீட்டுக்குப் போனான். தட்டு வைத்துச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுடைய மாமா, உங்கள் அப்பா என்ன தொழில் செய்தார் என்று கேட்டார். நம் ஊரில் யார் கேட்டாலும் 'கம்பெனியில் வேலை' என்று மழுப்புகிறவன், அங்கே போய், தோல் பதப்படுத்தினார், சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். இவ்வளவு தூரத்தில் அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தான். மாமா தட்டை விட்டு எழுந்துவிட்டார். அங்கேயும் தோல் வேலைக்காரர்களுக்கு ஊருக்கு வெளியேதான் வீடாம், யாரும் பெண் கொடுக்க மாட்டார்களாம். வெளிநாட்டானாக இருந்தது அவருக்குப் பெரிய தப்பாகத் தெரியவில்லை. தோல்காரன் மகனாக இருந்ததுதான் தப்பு.

அப்போது அல்மாஸின் அம்மா எழுந்தார். வயல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், அந்தப் பிள்ளைகளில் இவள் மட்டும்தான் மிச்சம். தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதே தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து எல்லோரும் பார்க்கத் தம்பி வாயில் வைத்தார். அவ்வளவுதான் கல்யாணப் பேச்சு.

நம் பக்கத்தில் மட்டும் சும்மா இருந்தோமா? கல்யாணச் சேதி வந்ததும் தெருவில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். தம்பி அவளை முதல்முறை அழைத்து வந்தபோது பார்க்க வந்த கூட்டம் தேர்த் திருவிழாவுக்குக்கூட வராது. பக்கத்து வீட்டு ஷாஹிதாம்மாதான் முதலில் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்தார். "பேரு இன்னாம்மா?" என்றார். அல்மாஸ் என்றாள். "அட, எங்க பாஷையில அல்மாஸ்னா வைரம்!" என்றார் ஷாஹிதாம்மா. அவர்கள் பாஷையிலும் வைரம்தானாம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்று சாப்பாட்டில் அல்மாஸ் ஒரு வாய் பிரியாணி எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினாள். கதை கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன் அல்லவா, கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துவிட்டேன். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். அம்மா செத்த பிறகு எனக்கு ஊட்டிவிட்டவர்கள் யாரும் இல்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை இரண்டு பேரும் வெளியே காட்டிக்கொண்டதில்லை. வருஷா வருஷம் வந்து போனார்கள். என் வீட்டுக்காரர் இறந்தபோது தம்பிதான் தாய்வீடாக வந்து எனக்குக் கோடிப் புடவை போட்டான்.

பிறகு அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போய், வைத்தியம் பார்க்க இரண்டு பேரும் ஊரோடு வந்தார்கள். வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அல்மாஸ் அவனை விட்டு நகரவில்லை. கடைசி நாட்களில் ஒருநாள், அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, என் காரியம் முடிஞ்சதும் அவள அவங்க அம்மாகிட்ட அனுப்பிடு."

"சும்மா இருடா. நீ எழுந்து வந்து நீயே கூட்டிம்போ."

"கேளுக்கா. அந்தம்மா எல்லாரும் பாக்க என் வாயில சோறு வெச்சாங்க. அவங்களுக்கு இருக்கறது ஒரே பொண்ணு. நாம புடிச்சு வெச்சுக்கக் கூடாது. கையில அடிச்சு சொல்லு."

அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தக் கை எவ்வளவு இளைத்திருந்தது.

அவன் போனான். பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் பேச்சு கிளம்பியது. நம் வழக்கப்படி, புருஷனை இழந்தவளுக்கு அவள் தாய்வீட்டார் தட்டு வரிசையோடு வந்து புதுப்புடவையைத் தோளில் போட வேண்டும். உனக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்று ஊரறியச் சொல்வதுதான் அந்தக் கோடி. அல்மாஸுக்கு அதைப் போட யார் இருக்கிறார்கள்? எங்கள் பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன்தான் அன்று பெரிய மனிதர். வழக்கம் எல்லாம் தெரிந்தவர், தெரியாததும் தெரிந்தவர்.

"தாய்வூடு இன்னா பக்கத்துலயா இருக்குது? கோடி போட ஆளில்ல. கோடி இல்லாம சபையில எப்டி உக்கார வெக்கிறது? அந்தம்மா உள்ளயே இருக்கட்டும். நாம பாட்டுக்கு காரியத்த முடிச்சுடலாம்" என்றார்.

உள்ளே வாசற்படிக்குப் பின்னால் அல்மாஸ் நிற்கிறாள். தமிழ் அவளுக்கு நன்றாகவே புரியும்.

"தாய்வூடு இருக்குதுண்ணா" என்றேன்.

"எங்க இருக்குது?"

"நான்தான்."

"முனிம்மா, நீ செத்தவனுக்குக் கூடப் பொறந்தவ. நீ எப்டி அவளுக்குத் தாய்வூடு ஆவே?"

"எங்கூட்டுக்காரரு உன் தம்பிக்கு இன்னா முறை?"

"மாமன் முறை."

"அப்ப தம்பி பொண்டாட்டிக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "அண்ணன் முறை."

"அவரு அண்ணன்னா நான் அவளுக்கு அண்ணன் பொண்டாட்டி. எம்புள்ள அண்ணன் மவன். இதுக்கு மேல இன்னா தாய்வூடு வேணும் உனக்கு?"

பந்தலில் சிரிப்பு. ஏழுமலை அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "உன்ன வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும். சரி, ஆனா முறைன்னா முறை. தாய்வூட்டுக்காரங்க ஊட்டுக்குள்ளேருந்து வரமாட்டாங்க. தெருவுலேருந்துதான் வரணும்."

அதனால் மகனை அழைத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியேறி, ஷாஹிதாம்மா வீட்டு வழியாகத் தெருவுக்குப் போனேன். தட்டு இல்லை என்றதும் அவரே தம் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தார். வெற்றிலை பாக்கு, பழம், புடவை வைத்து, மேளத்தோடு தெருமுனையிலிருந்து நடந்து வந்தேன். தம்பி படத்துக்கு முன்னால் அக்காவாக உட்கார்ந்து அழுதவள், அதே வாசலில் சம்பந்தியாக நுழைந்தேன். புடவை தோளில் விழுந்ததும் அல்மாஸ் அதன் கரையை மேல்பக்கமாகத் திருப்பிப் போர்த்திக்கொண்டாள். துக்கத்துக்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் போர்த்துவார்களாம். என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அதுவரை அவள் வாய்விட்டு அழவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்புகிற நேரம். ஏழுமலை அண்ணன் கேட்டார், "எப்பம்மா ஊருக்கு?"

"அடுத்த வாரம் டிக்கெட்டுண்ணா" என்றாள்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். சரி என்று சொல்ல வேண்டியதுதானே? தம்பி கையில் அடித்த கை இன்னும் ஆறவில்லை. ஆனால் அவள் போய்விட்டால் அந்த வீட்டில் தம்பியைப் பற்றிப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"அது எப்டி? கோடி வாங்கினவ வருசம் திரும்பற வரைக்கும் பாலாத்த தாண்டக் கூடாதே!"

அப்படி ஒரு வழக்கம் நம்மில் கிடையாது. எங்கள் அம்மா காலத்திலும் கிடையாது. நின்ற நிலையில் நான் கட்டியது. எல்லோரும் ஏழுமலை அண்ணனைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொன்னால் அவர் கௌரவம் என்ன ஆவது?

"ஆமாமா. பழைய வழக்கம். இப்பல்லாம் யாரு பாக்கறாங்க?" என்று தலையை ஆட்டினார்.

"வழக்கம்னா சரிக்கா" என்றாள் அல்மாஸ். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள்.

ஏழுமலை அண்ணன் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம். தப்பு முழுவதும் என்னுடையது.

பிறகு வந்த வருஷத்தை எப்படிச் சொல்வேன்? அவள் பச்சைக் காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுப்பாள். வறுத்த சட்டியைக் கொண்டுவந்து மூக்கருகே காட்டுவாள், புகையை வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் சாம்பிராணி போடுவாள். "தெனமும் இன்னா பூஜை உங்கூட்ல?" என்று தெருவில் கேட்டார்கள். காப்பி மூன்று சுற்று. முதல் சுற்றோடு எழுந்தால் அவளுக்குக் கோபம் வரும். மூன்று சுற்று முடிவதற்குள் ஊர்க்கதை எல்லாம் முடிந்துவிடும். ஷாஹிதாம்மா இரண்டாவது சுற்றுக்குச் சரியாக வந்துவிடுவார். கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து அவர்கள் ஊர் ரொட்டி சுடுவாள். தோசை மாதிரிதான், திருப்பிப் போட மாட்டாள். ஒரே தட்டில் போட்டு நாங்கள் சுற்றி உட்கார்வோம். புதன், வெள்ளி அவளுக்குக் கவுச்சி கிடையாது, விரதம். நானும் பிடித்துப் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் இறங்கியது.

வெளியே போனால் பேஜார்தான். ஒருமுறை பஸ்ஸில் ஒருத்தி அவள் பின்னலைத் தொட்டு இழுத்து, "இது நெஜ முடியா?" என்று என்னைக் கேட்கிறாள். அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கிறாள், மாட்டுச் சந்தையில் கேட்கிற மாதிரி. நான் எழுந்து அவள் கொண்டையைப் பிடிக்கப் போனேன். அல்மாஸ் என்னை இழுத்து உட்கார வைத்தாள். "விடுக்கா. எங்க ஊர் பஸ்லயும் உன் தம்பி முடிய தொட்டுப் பாத்தாங்க. அப்ப நான் சண்டை போட்டேன், அவருதான் என்னை உக்கார வெச்சாரு" என்றாள். அந்தப் பெண் வாணியம்பாடி வரை தலையைக் குனிந்தபடியே வந்தாள்.

இன்னொரு நாள் குடியாத்தம் போனோம். அங்கே தறிக்காரர் வீட்டில் அவர்கள் ஊர்ப் போர்வை மாதிரி கரை வைத்து நெய்யச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாதனூர் தாண்டி பஸ் பாலத்தில் ஏறியது. நான் பாட்டுக்கு வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறேன்.

"அக்கா" என்றாள். "இது இன்னா ஆறு?"

"பாலாறு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கடலை தொண்டையில் நின்றுவிட்டது.

"தாண்டக் கூடாதுன்னு சொன்னே?"

எட்டிப் பார்த்தேன். நம் பாலாறு தெரியாதா? மணலும் முள்ளும்தான். "தண்ணி இல்லாத ஆறு கணக்குல வராதும்மா" என்றேன்.

"ஓ" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் ஒருநாள் அவள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் போனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைத் துணி போர்த்திய கிழவி. என் வயதோ, கூடவோ. இரண்டு பேருக்கும் பாஷை இல்லை. நான் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தபடி ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான். அல்மாஸ் எனக்குச் சொல்லவில்லை.

"இன்னா கேட்டாங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. சாப்டியான்னு கேட்டாங்க."

சாப்பிட்டாயா என்று கேட்கிற முகம் எனக்குத் தெரியாதா? என் மகள் எப்போது வருவாள் என்று கேட்கிற முகம் அது. என் தம்பி வாயில் சோறு வைத்த கை அந்தப் போனில் தெரிந்தது. அவன் அன்று தட்டை விட்டுப் போகாமல் உட்காரக் காரணமான கை. அந்தக் கையிலிருந்து நான் பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மூன்று சுற்றுக் காப்பி குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஷாஹிதாம்மாவிடம் போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியாதா? உங்கூட்டுக்காரரு தவறிப்போன வருசமே நீ பொண்ணு பிரசவத்துக்கு குடியாத்தம் போனியே! அப்ப பாலாறு இல்லியா?" என்றார். "அப்ப ஏன் சொல்லல?" என்றேன். "அவ இருந்தா எனக்கும் சந்தோசமா இருக்குது, அதான்" என்று அவரும் தலையைக் குனிந்துகொண்டார். சரி, பாவத்துக்குத் துணை கிடைத்தது. மனசு ஆறவில்லை.

வருஷம் திரும்ப ஒரு மாதம் இருக்கும்போது, மூன்றாவது சுற்றுக் காப்பியில் அல்மாஸிடம் சொல்லிவிட்டேன். நேராக முகத்தைப் பார்க்க முடியாமல் சாம்பிராணிப் புகையைப் பார்த்துச் சொன்னேன்.

"அல்மாஸு, ஆத்த தாண்டக் கூடாதுன்னு எங்க வழக்கத்துல ஒண்ணுமில்லம்மா. உன்ன உடனே அனுப்பிடுன்னுதான் தம்பி சொன்னான். அவன் கையில அடிச்சு சத்தியம் பண்ணேன். நீ போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்னு பொய் சொல்லிட்டேன். ஒரு வருசத்த உங்கம்மாகிட்டேருந்து திருடிட்டேன்."

அவள் கோப்பையில் காப்பியை ஊற்றினாள். உயரத்திலிருந்து ஊற்றுவாள், ஒரு சொட்டு சிந்தாது. தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து, உருட்டி, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"எங்க ஊர்லயும் ஒரு வழக்கம் இருக்குதுக்கா" என்றாள். "புருஷன் போனவள அவரோட அக்காதான் கூட வந்து அம்மா ஊட்ல விடணும். விட்டுட்டு உடனே கெளம்பக் கூடாது. வருசம் திரும்பற வரைக்கும் அந்த ஊர் ஆத்த அக்கா தாண்டக் கூடாது."

நான் வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அது கோவிலில் நிற்கிற முகம் மாதிரி இருந்தது.

"உங்க ஊர்ல ஆறு இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது" என்றாள். "தண்ணியும் இருக்குது."

பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கையெழுத்துக்குப் பதில் கட்டை விரலை வைத்தேன். மகன் திட்டுகிறான், முழங்கால் வலியோடு பிளேனில் எப்படி ஏறுவாய் என்கிறான். வழக்கத்தை மீற முடியுமா என்று கேட்டேன்.

தம்பி வைத்தியத்தில் இருந்தபோது வேலூரில் அவனைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், ரத்தம் கொடுக்க ஓடி வந்த கம்பெனி ஆட்களுக்கும், பதினாறு நாளும் அடுப்பெரிக்க விடாமல் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், தாம்பாளம் தந்த ஷாஹிதாம்மாவுக்கும், முறை கேட்டு மடக்கினாலும் முறையை ஒப்புக்கொண்ட ஏழுமலை அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. தட்டை விட்டு எழுந்த அந்த மாமாவும் தம்பி போன சேதி கேட்டுப் போனில் அழுதார் என்று அல்மாஸ் சொன்னாள். அவருக்கும் சேர்த்தே.

தம்பி, உன் கையில் அடித்த சத்தியத்தை ஒரு வருஷம் கழித்துத்தான் நிறைவேற்றுகிறேன். அக்காவை மன்னித்துக்கொள். உன் மனைவியை உன் மாமியார் கையில் நானே கொண்டுபோய் ஒப்படைக்கிறேன். அந்தம்மா எனக்கும் ஒரு வாய் ஊட்டுவார்கள், அழுதுவிடுவேன், காரம் என்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த வருஷத் திதிக்கு உன் படத்துக்கு விளக்கேற்ற வருவேனா என்று மட்டும் கேட்காதே. அந்த ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதாம்.